கான்டெஸாவுல புது இன்ஜின் ஏத்தியாச்சு, ஏசிய எப்படி சேக்கறது

பழைய காருக்கு புது இன்ஜின் ஏத்தறவங்க நிறைய பேர் ஏசியப் பத்தி கடைசிலதான் யோசிக்கிறாங்க, அதுக்குள்ள இன்ஜின் உக்காந்து ரேடியேட்டர் மாட்டி பேட்டரி இடமெல்லாம் முடிவாகி, பைப் போக வழியே இல்லாம போயிடுது. என் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாவுலயும் அதான் நடந்துச்சு, ரேடியேட்டர ரெண்டு தடவ கழட்டி மாட்டினேன். அதனால இன்ஜின் மவுன்ட் வெல்டிங் பண்றதுக்கு முன்னாடியே ஏசி கம்ப்ரஸர் இன்ஜின்ல இருக்கறபடியே இறக்கிப் பாருங்க. இன்ஜின் மவுன்ட்ல ஆடும், ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா ஒரு பக்கம் சாயும், அதனால ஸ்டீரிங் பாக்ஸுக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவுல ரெண்டு விரல் இடமாவது வேணும். ஆர்சில இன்ஜின் நம்பர் மாத்தறதுக்கு ஆர்டிஓ அனுமதியும் வேலைக்கு முன்னாடியே வாங்கிடுங்க.

1984ல கான்டெஸா வந்தப்ப 1489 சிசி பிஎம்சி இன்ஜின், அந்த பாரத்துக்கு அதுவே பத்தாது, இதுல ஏசி வேற போட்டா மேட்டுல திணறிடும். அப்புறம் இசுசு 1.8 லிட்டர் இன்ஜின் வந்ததும்தான் ஏசி போட்டுட்டு நிம்மதியா ஓட்ட முடிஞ்சுது. அந்தக் காலத்து செட்டப் எல்லாம் ஆர்12ங்கற கூலிங் கேஸுக்காக பண்ணது. ஓசோன் படலத்துக்காக 1987ல போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் அந்த கேஸ் படிப்படியா நின்னு போச்சு, இப்ப ஆர்134ஏதான். கேஸ் மாறினா ஆயில் மாறணும், ரப்பர் மாறணும், கேஸோட சூட்ட வெளிய விடற கண்டென்ஸரும் மாறணும், இத மனசுல வச்சுக்கிட்டு ஆரம்பிங்க.

கம்ப்ரஸர் விஷயத்துல என் கருத்து, புது இன்ஜினோட வந்ததையே வைங்க. பிராக்கெட், பெல்ட் லைன், டென்ஷனர் எல்லாம் அதுக்குன்னு அளந்து பண்ணது. ஆனா முன்னாடி மேக்னட் கிளட்ச் (கரன்ட் குடுத்தா மட்டும் புல்லியோட கம்ப்ரஸர சேத்துப் பிடிக்கறது) இருக்கா இல்லையான்னு முதல்ல பாருங்க. கிளட்ச் இருக்கற ஃபிக்ஸட் டைப்னா பிரச்சனையே இல்ல. கிளட்ச் இல்லாம, பின்னாடி ஒரு கன்ட்ரோல் வால்வ் மட்டும் இருக்கற வேரியபிள் டைப்னா அது எப்பவும் சுத்திக்கிட்டேதான் இருக்கும், எவ்வளவு கேஸ் தள்ளணும்னு ஈசியூ (இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) அந்த வால்வுக்கு பல்ஸ் அனுப்பிதான் சொல்லும், நீங்க நேரா 12 வோல்ட் குடுத்தா வால்வ் போயிடும். அந்த இன்ஜினோட ஏசி கன்ட்ரோல் மொத்தமும் கையில இல்லன்னா சான்டன் கம்பெனியோடது மாதிரி கிளட்ச் வச்ச கம்ப்ரஸர் ஒண்ணு வாங்கி பிராக்கெட் பண்ணிடறது மேல். அப்படி பண்றப்ப புல்லி ரிப் எண்ணிக்கையும் பெல்ட் நேர்கோடும் சரியா இருக்கணும், ஸ்கேல் வச்சு பாத்தா ஒரு மில்லிமீட்டருக்கு மேல விலகல் இருக்கக் கூடாது.

பழைய காருலேர்ந்து நான் வச்சுக்கிட்டது கூலிங் காயிலும் ப்ளோயர் பாக்ஸும்தான், டேஷ்போர்டு அப்படியே ஒரிஜினலா இருக்கணும்னு எனக்கு ஆசை. காயில கழட்டி ஃபிளஷிங் லிக்விட் விட்டு பழைய மினரல் ஆயில் சொட்டு இல்லாம கழுவி, நைட்ரஜன் அடிச்சு காய வச்சு, தண்ணித் தொட்டில முக்கி லீக் பாருங்க. காயிலுக்குள்ள கேஸ அளந்து விடற எக்ஸ்பான்ஷன் வால்வ், ஈரத்த உறிஞ்சற ட்ரையர், ஓ-ரிங் எல்லாம் 134ஏக்கு ஆகற மாதிரி புதுசு. ட்ரையர் மூடிய கடைசி நிமிஷத்துலதான் திறக்கணும், காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சிடும். கண்டென்ஸர் கண்டிப்பா பேரலல் ஃப்ளோ டைப் (நிறைய சின்ன வழியில கேஸ் ஒரே நேரத்துல ஓடறது), கிரில்லுக்குப் பின்னாடி எவ்வளவு பெருசு நுழையுமோ அவ்வளவு பெருசு, பழைய ட்யூப் கண்டென்ஸர வச்சுக்கிட்டு 134ஏ போட்டா மே மாசத்துல சிக்னல்ல நிக்கும்போது வெறும் காத்துதான் வரும்.

ஹோஸ், உள்ள கேஸ் கசியாம ஒரு லேயர் வச்ச பேரியர் டைப்தான் வாங்கணும், பழைய ரப்பர் ஹோஸ் வழியா 134ஏ கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு போயிடும். கண்டென்ஸர்லேர்ந்து காயிலுக்குப் போற லிக்விட் லைனுக்கு 6ஆம் நம்பர் ஹோஸ், கம்ப்ரஸர்லேர்ந்து கண்டென்ஸருக்குப் போற டிஸ்சார்ஜுக்கு 8, காயில்லேர்ந்து கம்ப்ரஸருக்குத் திரும்பற சக்ஷனுக்கு 10. ஃபிட்டிங்க கார்லயே மாட்டி, ஹோஸ அது போற வழியில வளைச்சுப் பாத்து, ஃபிட்டிங்குக்கும் ஹோஸுக்கும் குறுக்க பெயின்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு, அப்புறம் கழட்டி க்ரிம்ப் பண்ண (மெஷின்ல அமுக்கி இறுக்க) எடுத்துட்டுப் போங்க. கோடு இல்லாம போனா கோணம் மாறி பைப் முறுக்கிக்கும். இன்ஜின் ஆடறதுக்கு கொஞ்சம் தளர்வும் விடுங்க.

இப்ப முக்கியமான இடம், வயரிங். எனக்கு முதல்ல வயரிங் பண்ணவர் பழைய கார் மாதிரியே சுவிட்ச்லேர்ந்து ரிலே, ரிலேலேர்ந்து கிளட்ச்னு நேரா இழுத்துட்டார். கூலிங் நல்லாதான் வந்துச்சு, ஆனா ஒவ்வொரு சிக்னல்லயும் கிளட்ச் பிடிக்கறப்ப இன்ஜின் குலுங்கி ஆஃப் ஆகும். கம்ப்ரஸர் பாரம் வரப்போகுதுன்னு ஈசியூவுக்கு முன்னாடியே தெரிஞ்சாதான் அது ஐட்லிங் வேகத்த ஏத்தி வைக்கும், தெரியாம திடீர்னு பாரம் விழுந்தா அது என்ன பண்ணும்? அதனால டேஷ்போர்டு சுவிட்ச், காயில் தெர்மோஸ்டாட், பிரஷர் சுவிட்ச் மூணையும் வரிசையா கோத்து அந்த சிக்னல ஈசியூவுல ஏசி வேணும்னு கேக்கற ஏசி ரிக்வெஸ்ட் பின்னுக்கு குடுங்க, கிளட்ச் ரிலேய ஈசியூ இயக்கட்டும். ஃபுல் த்ராட்டில்லயும் இன்ஜின் சூடானாலும் அதுவே கம்ப்ரஸர கட் பண்ணிடும். சில ஈசியூ ரிக்வெஸ்ட் பின்ல 12 வோல்ட் கேக்கும், சிலது எர்த் கேக்கும், அந்த இன்ஜினோட வயரிங் படம் பாக்காம கை வைக்காதீங்க. நிறைய இன்ஜின்ல சுவிட்சுக்கு பதிலா மூணு வயர் பிரஷர் சென்சார் இருக்கும், அது ரீடிங் குடுக்கலன்னா ஈசியூ ஏசியவே அனுமதிக்காது, அப்ப அந்த சென்சாரையே லிக்விட் லைன்ல ஒரு அடாப்டர் வச்சு மாட்டிடுங்க. ஏசி போட்டா எலெக்ட்ரிக் ஃபேன் சுத்தணும், அதுவும் இதே வழியில ஈசியூகிட்டயே விட்டுடுங்க.

ஆயில் கம்ப்ரஸர் ஸ்டிக்கர்ல என்ன வகை, எவ்வளவு போட்டிருக்கோ அதான். வேக்யூம் 45 நிமிஷமாவது ஓட்டி, நிறுத்திட்டு அரை மணி நேரம் கேஜ் முள் நகருதான்னு பாருங்க. கேஸ் அளவு பழைய ஆர்12 எடையில 80 சதவீதத்துல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். 35 டிகிரி வெயில்ல லோ சைடு 30லேர்ந்து 40 பிஎஸ்ஐ, ஹை சைடு 210லேர்ந்து 240 பிஎஸ்ஐ வந்தா நல்லா இருக்கு. மலிவா கிடைக்குதுன்னு எல்பிஜி கலந்த கேஸ் போடவே போடாதீங்க, காயில் உங்க கால் பக்கத்துல இருக்கு, லீக் ஆனா அது தீப்பிடிக்கற கேஸ்.

ஓட்டி முடிச்சு நிறுத்தினா கீழ தண்ணி சொட்டணும். சொட்டலன்னா ப்ளோயர் பாக்ஸ் ட்ரெயின் ட்யூப்ல பல வருஷத்து குப்பை அடைச்சிருக்கும், ஒரு கம்பி விட்டு குத்தி விடுங்க, இல்லன்னா கார் உள்ள போட்டிருக்கற ஃப்ளோர் மேட் அடியில தண்ணி நின்னு தரைத் தகடு துருப்பிடிச்சிடும்.