டிஸ்சார்ஜ் புக்கில் என்ன எழுதியிருக்கிறது? கைத்துப்பாக்கி உரிமம் கேட்கும் முன்னாள் படைவீரருக்கு

மனு எழுத உட்காரும் முன் டிஸ்சார்ஜ் புக்கை (படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் சேவைப் பதிவுப் புத்தகம்) எடுத்து, சேவை எந்தக் காரணத்தால், எந்த விதியின் கீழ் முடிந்தது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். ராணுவச் சட்டம் 1950-இன் 23-ஆவது பிரிவுப்படி, விடுவித்த அதிகாரி யார், காரணம் என்ன, மொத்த சேவைக்காலம் எவ்வளவு என்ற மூன்றும் சான்றில் இருந்தாக வேண்டும். புக் தொலைந்திருந்தால், போலீஸில் புகார் கொடுத்து அதன் ரசீதோடு உங்கள் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது நீலகிரியின் வெலிங்டனில் இருக்கிறது. நகல் வர நாளாகும். ஆகவே இதுதான் முதல் வேலை.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சொன்னதை வைத்து இங்கே முடிவுக்கு வர வேண்டாம். அங்கே ராணுவத்திலிருந்து அவமதிப்போடு வெளியேற்றப்பட்டவர் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. நம் ஆயுதச் சட்டம் 1959-இல் அப்படி ஒரு வரி கிடையாது. அதன் 9-ஆவது பிரிவு தடுப்பவர்கள் வேறு: 21 வயது நிரம்பாதவர், வன்முறைக் குற்றத்துக்கோ ஒழுக்கக்கேடான குற்றத்துக்கோ சிறைத்தண்டனை பெற்று, அது முடிந்து 5 ஆண்டு ஆகாதவர், நன்னடத்தைப் பிணை எழுதிக்கொடுத்து அதன் காலம் ஓடிக்கொண்டிருப்பவர். இதற்கு மேல், 14-ஆவது பிரிவின் கீழ் 'தகுதியற்றவர்' என்று கருதியும் உரிமத்தை மறுக்கலாம். படையில் கெட்ட பெயரோடு வந்தவர் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த 14-இல்தான்.

சேவைக்காலம் முடித்தவருக்கும், சொந்த விருப்பத்தில் விலகியவருக்கும் டிஸ்சார்ஜ் புக்கின் காரண வரியால் சிக்கல் இல்லை. மருத்துவக் காரணத்தால் வந்தவரிடம், படையின் உடல், மனத் தகுதியை எழுத்து வாரியாகக் குறிக்கும் 'ஷேப்' (SHAPE) வகைப்பாட்டில் எந்த எழுத்தில் தரம் இறங்கியது என்று பார்ப்பார்கள். காது, கால் குறைபாட்டுக்கு விளக்கம் சொல்லிவிடலாம். முதல் எழுத்தான 'எஸ்' மனநலத்தைக் குறிப்பது. அது இறங்கியிருந்தால் அரசு மருத்துவமனை மனநல மருத்துவரின் புதிய சான்று இல்லாமல் போகவே போகாதீர்கள்.

ராணுவ விதி 13-இன் கீழ் 'சேவை இனித் தேவையில்லை' என்று அனுப்பப்பட்டவர்கள் நிறையப் பேர். நான்கு ரெட் இங்க் என்ட்ரி (நடத்தைப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதப்படும் தண்டனைக் குறிப்பு) விழுந்து வீட்டுக்கு வந்தவர்கள் இவர்களில் அடக்கம். இது நிர்வாக நடவடிக்கை, குற்றத் தண்டனை அல்ல. ஆயுதச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு இதைத் தொடாது. ஆனால் அந்த என்ட்ரிகள் எதற்கு விழுந்தன என்பது முக்கியம். லீவு முடிந்து தாமதமாகத் திரும்பியதற்கு விழுந்தது ஒன்று. குடித்துவிட்டு அடிதடி செய்ததற்கு விழுந்தது முற்றிலும் வேறு. கோர்ட் மார்ஷல் தண்டனைக்கும் இதே கணக்குதான். விடுப்பின்றி இருந்ததற்குச் சிறை சென்றவரும் திருட்டுக்குச் சிறை சென்றவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. தீர்ப்பின் நகலில் எந்தப் பிரிவு என்று பார்த்து, தண்டனை முடிந்த தேதியிலிருந்து 5 ஆண்டை எண்ணுங்கள்.

எதையும் மறைக்காதீர்கள். உண்மையை மறைத்து வாங்கிய உரிமத்தை ஆயுதச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின் கீழ் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். காரணத்தையும் அதன் பிறகான உங்கள் வாழ்க்கையையும் ஒரே பக்கத்தில் நேராக எழுதி மனுவோடு இணைத்துவிடுவது நல்லது.

சென்னை மாநகரில் உரிமம் வழங்குபவர் காவல் ஆணையர், அலுவலகம் வேப்பேரியில். விண்ணப்பம் படிவம் ஏ-1. நான்கு புகைப்படம், வயது, அடையாளம், முகவரிச் சான்றுகள், போதைப் பழக்கம் இல்லை என்பதையும் குறிப்பிடும் உடல், மனநலச் சான்று, ஆயுதப் பயிற்சிச் சான்று, பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழி ஆகியவை வேண்டும். ஆயுத விதிகள் 2016-இன் 12-ஆவது விதி, படையில் பணியாற்றியவரைத் தனியாகக் குறிப்பிட்டே பரிசீலிக்கச் சொல்கிறது. ஆனால் உயிருக்கோ உடைமைக்கோ உண்மையான தேவை இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கூடவே வருகிறது. 'முன்னாள் ராணுவத்தினர்' என்று மட்டும் எழுதிய மனுக்கள் இங்கேதான் விழுகின்றன. மிரட்டல் என்றால் புகார் எண், தொழில் என்றால் பணம் கொண்டுசெல்லும் ஆவணம் என்று ஏதாவது ஒரு தாளைக் காட்டுங்கள். அக்னிவீரராக நான்கு ஆண்டு முடித்தவருக்கு முன்னாள் படைவீரர் அந்தஸ்து கிடையாது. ஆனாலும் அந்த விதி பேசுவது படையில் பணியாற்றியதைப் பற்றித்தான். ஆகவே சேவைச் சான்றை வைத்து அவரும் கேட்கலாம்.

படையில் பழகிய 9 எம்.எம். பிஸ்டலைக் கேட்காதீர்கள், அது தனியாருக்குத் தடை செய்யப்பட்ட 'போர்' (bore, குழல் விட்ட அளவு). .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல் என்று எழுதுங்கள்.

காவல் நிலைய ஆய்வாளர் 30 நாளில் அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது விதி. விசாரணைக்கு வருபவரிடம் டிஸ்சார்ஜ் புக்கின் அசலைக் காட்டுங்கள், கையில் கொடுத்துவிட வேண்டாம். கிடைக்கும் உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். உரிமத்தில் குறித்த எல்லைக்குள் மட்டுமே, உறையில் வைத்து வெளியே தெரியாதபடி கொண்டுசெல்லலாம்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். மறுப்புக்கு அடிப்படையே தவறான விடுவிப்பு என்றால் அதைத் திருத்தும் இடம் வேறு: ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. இறுதி உத்தரவு வந்து ஆறு மாதத்துக்குள் அங்கே போக வேண்டும். தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம்.