மிரர்லெஸ் கேமரா கைக்கு அடங்குமா? வாங்கும் முன் பார்க்கும் முறை

சென்சார், விலை எல்லாம் அலசி முடித்து, இரண்டு மாடல்களுக்கு நடுவில் நிற்பவர்களுக்கு இந்தப் பதிவு. உதாரணத்துக்கு சோனியின் ஏ7 மார்க் 4, ஏ7சி மார்க் 2 இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டிலும் 33 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சார், ஒரே வகை பேட்டரி. பேட்டரி, கார்டோடு முதலாவது 658 கிராம், இரண்டாவது 514 கிராம்.

படி 1: முதலில் லென்ஸை முடிவு செய்யுங்கள்

மிரர்லெஸ் பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) ஒல்லியாக இருப்பதற்குக் காரணம், டிஎஸ்எல்ஆர் வகை கேமராக்களில் இருப்பதுபோல் உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடிக்கு இடம் விட வேண்டாம் என்பதுதான். கேனான் டிஎஸ்எல்ஆரில் மவுண்டுக்கும் (லென்ஸ் மாட்டும் வளையம்) சென்சாருக்கும் இடையே 44 மி.மீ.; அதன் மிரர்லெஸ் ஆர்எஃப் மவுண்டில் 20 மி.மீ. ஆனால் பாடி இளைத்த அளவுக்கு எஃப்2.8 ஜூம்கள் (அதிக வெளிச்சம் வாங்கும் ஜூம் லென்ஸ்கள்) இளைக்கவில்லை. அந்த வகையில் சோனியின் 24-70 மி.மீ. ஜிஎம் 2 லென்ஸ் மட்டுமே 695 கிராம். அதைச் சின்ன பாடியில் மாட்டினாலும் மொத்தம் 1,200 கிராமைத் தாண்டிவிடும். அதே பாடியில் 173 கிராம் 40 மி.மீ. எஃப்2.5 லென்ஸைப் போட்டால் 700-க்குள் அடங்கிவிடும்.

படி 2: எடையை வீட்டிலேயே சுமந்து பாருங்கள்

காசு செலவில்லாத சோதனை. பாடி, லென்ஸ் இரண்டின் மொத்த எடைக்கு, 1 கிராமுக்கு 1 மி.லி. என்று கணக்குப் போட்டு பாட்டிலில் தண்ணீர் பிடியுங்கள். பாட்டிலின் எடையையும் கழிக்க வேண்டுமென்றால் கிச்சன் தராசு போதும். தோளில் மாட்டிக்கொண்டு கடைவீதிக்கு ஒரு நடை போய் வாருங்கள். திரும்பி வரும்போது தோள் என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு.

படி 3: விரல் இடைவெளி

கேமரா தேடியபோது நான் அதிகம் தடுமாறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடையில் பெரும்பாலும் கேமராவோடு சேர்த்து விற்கும் சின்ன கிட் லென்ஸ் மாட்டித்தான் கையில் கொடுப்பார்கள். அப்போது எல்லா கேமராவும் சுகமாகத்தான் இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் லென்ஸை மாட்டித் தரச் சொல்லுங்கள்.

இப்போது வலது கையால் மட்டும் பிடியுங்கள். நடுவிரலும் மோதிர விரலும் கிரிப்பைச் சுற்றி உள்பக்கம் மடங்கும். அந்த நுனிகளுக்கும் லென்ஸ் உருளைக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? மேலே சொன்ன ஜூம் கிட்டத்தட்ட 88 மி.மீ. பருமன். விரல் கணுக்கள் லென்ஸில் உரசினால், கை தானாகவே விரல்களை விரித்துப் பிடிக்கும். மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கும். மோதிரம் போடுபவர்கள் மோதிரத்தோடேயே பிடித்துப் பாருங்கள்.

அடுத்தது சுண்டுவிரல். சின்ன பாடியில் அது அடியில் தொங்கும். லேசான லென்ஸென்றால் பரவாயில்லை. கனமான லென்ஸென்றால் அடியில் மாட்டும் கிரிப் நீட்சி வாங்கிவிடுங்கள். ஏ7சி மார்க் 2-க்கு சோனியே ஒன்று விற்கிறது. ஃபிளாஷ் ஷூவில் செருகும் கட்டைவிரல் கிரிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஃபிளாஷ் மாட்டும் இடத்தை அது அடைத்துக்கொள்கிறது.

படி 4: கண்ணை வியூஃபைண்டரில் வைத்தபடியே இயக்குங்கள்

வெளியே பார்க்காமல் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) மாற்றுங்கள், ஃபோகஸ் புள்ளியை நகர்த்துங்கள். ஏ7 மார்க் 4-ல் அதற்கு ஜாய்ஸ்டிக் உண்டு, ஏ7சி மார்க் 2-ல் இல்லை. வியூஃபைண்டர் பெரிதாக்கமும் 0.78-லிருந்து 0.70 ஆகக் குறைகிறது. கல்யாண வீடு, விளையாட்டு என்று மணிக்கணக்கில் எடுப்பவருக்கு 144 கிராம் மிச்சத்தைவிட இவை பெரிது என்பது என் கருத்து. பயணத்துக்கும் தெருப் படங்களுக்கும் தயங்காமல் சின்னதையே எடுங்கள்.

பட்டை விஷயம் சுருக்கமாக: 700 கிராம் வரை மணிக்கட்டுப் பட்டை, அதற்கு மேல் குறுக்காக மாட்டும் அகலப் பட்டை.

பின்சேர்க்கை: இடது கண்ணால் பார்ப்பவர்கள் சிலர் ஃபோகஸ் புள்ளி தானாக ஓடுகிறது என்று கேட்டிருந்தார்கள். மூக்கு டச் ஸ்கிரீனைத் தொடுவதுதான் காரணம். வியூஃபைண்டரில் பார்க்கும்போது திரையைத் தொட்டு ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் டச் பேட் வேலை செய்யும் பகுதியைத் திரையின் வலது பாதிக்கோ ஒரு மூலைக்கோ சுருக்கும் வசதி பல மாடல்களின் மெனுவில் இருக்கிறது. அப்படியும் தொந்தரவு என்றால் டச் பேடை அணைத்துவிடுங்கள். ஜாய்ஸ்டிக் இல்லாத பாடியில் அதையும் அணைத்தால் மிஞ்சுவது பின்பக்கச் சக்கரம் மட்டுமே, ஆகவே இடக்கண்காரர்கள் கடையிலேயே இதைச் சோதித்துவிடுவது நல்லது.