மருத்துவக் கல்லூரி நேர்காணலில் நம் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் மெட்ரிக் என்னும் பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளாக ஒத்திகை நேர்காணல் நடத்தி வருகிறேன். அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. சனிக்கிழமை காலையில் பெற்றோருடன் வருகிறவர்கள் கணக்கிலும் உயிரியலிலும் நல்ல மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். ஆனால், "டயாலிசிஸ் இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது, நோயாளிகள் இருவர் காத்திருக்கிறார்கள், என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலானோர் மூச்சு வாங்குவதற்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். வயதில் இளையவரை என்கிறார் ஒருவர், பிள்ளைகுட்டி உள்ளவரை என்கிறார் இன்னொருவர். ஒரு பையன் பதில் சொல்லி முடித்த கையோடு, "அங்கிள், இதற்குச் சரியான விடை எது?" என்று என்னையே கேட்டான். தீர்ப்பை நோக்கி இப்படி ஓடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. பின்னால் சொல்லப்போகும் பல தவறுகளுக்கும் இதுவே வேர்.

தென்னாப்பிரிக்க மருத்துவக் கல்லூரிகள் எல்லாமே நேர்காணல் வைப்பதில்லை. மெட்ரிக் மதிப்பெண்ணையும் என்பிடி என்னும் தேசியத் தகுதித் தேர்வையும் மட்டும் பார்த்து இடம் கொடுப்பவையும் உண்டு. நேர்காணல் வைக்கும் கல்லூரிகளோடு, உதவித்தொகை வழங்கும் அமைப்புகளும் பிள்ளைகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்கின்றன. பிரிட்டனுக்கு விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் எம்எம்ஐ என்னும் முறையைச் சந்திக்க வேண்டியிருக்கும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்த முறையில் ஒரே குழுவின் முன் அரை மணி நேரம் உட்கார வேண்டியதில்லை. அறை அறையாகச் சென்று ஒவ்வொரு அறையிலும் சில நிமிடங்களே பேச வேண்டும். நீங்கள் விண்ணப்பிக்கும் இடம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனோ அக்காவோ நான்கு ஆண்டுகளுக்கு முன் போய்வந்த அனுபவத்தை நம்பித் தயாராவதும் ஒரு தவறுதான்.

டயாலிசிஸ் கேள்விக்கு வருவோம். இது யாரோ கற்பனையில் புனைந்த கேள்வி அன்று. நம் ஊரிலேயே நடந்து நாட்டின் உச்ச நீதிபீடம் வரை போன வழக்கு இது, ஆனால் நம் பிள்ளைகளில் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வியப்பாக இருக்கிறது. தியாகராஜ் சூப்ரமணி என்ற 41 வயது மனிதர், வேலை இல்லாதவர், நீரிழிவும் இதய நோயும் உடையவர், பக்கவாதம் கண்டவர், சிறுநீரகங்கள் மீளமுடியாதபடி செயலிழந்தவர். தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவரின் பணம் தீர்ந்துபோகவே, டர்பன் கடற்கரையோரம் உள்ள அடிங்டன் மருத்துவமனையை நாடினார். அங்கு இருந்த இயந்திரங்களின் எண்ணிக்கை குறைவு, அவற்றிலும் சில பழுதடையும் நிலையில் இருந்தன. ஒருவருக்குச் சிகிச்சை முடிய நான்கு மணி நேரமும், அடுத்தவருக்காக இயந்திரத்தைச் சுத்தம் செய்ய மேலும் இரண்டு மணி நேரமும் ஆயின. எனவே குணமாகக்கூடிய திடீர்ச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு முதலிடமும், நாள்பட்ட நோயாளிகளில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியானவர்களுக்கு அடுத்த இடமும் என்று மருத்துவமனை ஒரு விதி வகுத்திருந்தது. இதய, இரத்தக்குழாய் நோய் இருந்ததால் அவர் மாற்றுச் சிறுநீரகத்துக்குத் தகுதி பெறவில்லை, டயாலிசிஸும் மறுக்கப்பட்டது. அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவைக் காட்டி அவர் வழக்குத் தொடுத்தார். நாள்பட்ட நோய்க்குத் தொடர்ந்து அளிக்கும் சிகிச்சை அவசரச் சிகிச்சை ஆகாது என்றும், இருக்கும் வளத்தை நியாயமான விதியின்படி நேர்மையாகப் பங்கிட்ட மருத்துவமனையின் முடிவில் தலையிட முடியாது என்றும் அரசியலமைப்பு நீதிமன்றம் 1997 நவம்பரில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

இந்த வழக்கை ஒப்பிக்கச் சொல்லவில்லை. இதைப் படித்த பிள்ளையின் பதில் எப்படி மாறுகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். "இளையவரைக் காப்பாற்றுவேன்" என்று தொடங்காமல், "இருவரின் நோய்நிலை என்ன, யாருக்கு எவ்வளவு பயன் கிடைக்கும், மருத்துவமனையில் ஏற்கெனவே எழுதிவைத்த விதி இருக்கிறதா, அந்த விதியை வகுத்தது யார்?" என்று அது கேட்கத் தொடங்குகிறது. படுக்கையருகே நிற்கும் மருத்துவர் தன் மனத்துக்குத் தோன்றியபடி ஆளைப் பொறுக்குவதற்கும், எல்லாருக்கும் பொதுவான விதியின்படி முடிவெடுப்பதற்கும் உள்ள வேறுபாடு அதற்குப் புரிகிறது. இயந்திரம் கிடைக்காத நோயாளியை அப்படியே விட்டுவிடாமல் வலியைத் தணித்து, குடும்பத்தாரிடம் உண்மையைப் பேசி, கூடவே இருக்க வேண்டும் என்பதும் நினைவுக்கு வருகிறது. கேள்வி கேட்பவர் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் காத்திருக்கிறார் என்பது என் எண்ணம், ஆனால் நூற்றுக்கு ஒருவர்கூடத் தாமாக அங்கே வந்து சேர்வதில்லை. இவ்வளவும் சொன்ன பிறகு முடிவு சொல்லாமல் நழுவிவிடவும் கூடாது. எடைபோட்ட பின் ஒரு பக்கம் நின்று, அந்த முடிவால் யாருக்கு இழப்பு என்பதையும் ஒப்புக்கொள்வதே முழுமையான பதில்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். நோயாளியின் தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்ற நான்கு கோட்பாடுகளையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, எந்தக் கேள்விக்கும் நான்கையும் வரிசையாக அடுக்குவார்கள். சொற்கள் சரியானவைதான். ஆனால் கேள்வியில் உள்ள மனிதரை அவை தொடாமலே போய்விடுகின்றன. யெகோவா சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் சமய நம்பிக்கையால் இரத்தம் ஏற்ற மறுக்கிறார் என்றால், "தன்னுரிமையை மதிப்பேன்" என்ற ஒற்றை வாக்கியம் போதாது. அவர் தெளிந்த நிலையில் இருக்கிறாரா, மறுப்பின் விளைவை அறிந்திருக்கிறாரா, அறைக்குள் உறவினர் யாரும் நிர்ப்பந்திக்கிறார்களா, இரத்தமின்றி அறுவை செய்ய வேறு வழி உண்டா என்பவற்றைப் பேசினால்தான் அந்தச் சொல்லுக்கு உயிர் வரும். நோயாளி பெரியவராக இல்லாமல் ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தால் பதில் தலைகீழாக மாறும் என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது, இரவல் வாங்கிய பதில். இணையத்தில் கிடைக்கும் பயிற்சிக் காணொளிகளில் பெரும்பாலானவை பிரிட்டனின் நேர்காணல்களுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றைப் பார்த்துத் தயாரான பிள்ளைகள் டர்பன் மருத்துவமனையில் நடப்பதாகச் சொன்ன கேள்விக்கும் லண்டனின் சட்டத்தையே பதிலாகத் தருகிறார்கள். தனியாக வந்து சிகிச்சை கேட்கும் பதின்மூன்று வயதுச் சிறுமியைப் பற்றிக் கேட்டால், பதினாறு வயது ஆகவில்லை என்றுதான் தொடங்குகிறார்கள். நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, 12 வயது நிரம்பிய, பயனையும் ஆபத்தையும் புரிந்துகொள்ளும் பக்குவம் உள்ள சிறார் மருத்துவச் சிகிச்சைக்குத் தாமே ஒப்புதல் தரலாம். அறுவை சிகிச்சை என்றால் பெற்றோரின் துணையும் வேண்டும். கருக்கலைப்பைப் பொறுத்தவரை 1996-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் 12 வாரங்களுக்குள் பெண்ணின் விருப்பத்தையே அடிப்படையாக வைக்கிறது. பெற்றோரிடம் பேசுமாறு சிறுமிக்கு அறிவுரை சொல்ல வேண்டும், ஆனால் அவள் பேசவில்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது.

கருக்கலைப்புக் கேள்வியில் நம் வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் திணறுவார்கள். "எங்கள் சமயம் ஒப்புக்கொள்ளாது" என்று சொல்லி நிறுத்திவிடுவோரும், தம் நம்பிக்கையை மறைத்து நேர்காணல் குழுவுக்குப் பிடிக்கும் என்று நினைப்பதைச் சொல்வோரும் இருக்கிறார்கள். நம்பிக்கை இருப்பது குற்றமாகாது. அந்த நம்பிக்கை காரணமாக நீங்கள் அந்தச் சிகிச்சையைச் செய்யாமல் இருக்க விரும்பலாம், ஆனால் அந்தப் பெண்ணுக்கு வழிகாட்டாமலோ அவள் வழியை மறித்தோ நிற்க முடியாது. சட்டப்படி கிடைக்க வேண்டிய சேவைக்குத் தடையாக இருப்பதே குற்றம் என்கிறது அதே சட்டம். இரண்டையும் ஒரே மூச்சில் நேர்மையாகச் சொல்லும் பிள்ளையை நான் மதிப்பேன்.

ஒரு ஒத்திகையில் நடந்தது இது. மருத்துவமனையில் தன்னார்வலராக இருந்தபோது என்ன கற்றீர்கள் என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். நன்றாகத்தான் தொடங்கினாள். எச்.ஐ.வி. மாத்திரையை மறைத்து மறைத்துச் சாப்பிட்ட ஒரு நோயாளியோடு பேசிய அனுபவத்தைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள், அந்த அம்மாள் எங்கள் தெருக்கோடியில் இன்ன கடை வைத்திருப்பவரின் மைத்துனி என்று சொல்லி முடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் தாய், "ஐயோ, அவளுக்கா?" என்றார். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தப் பெண்ணின் முகம் சிவந்துபோனது. இரகசியம் காப்பது பற்றி அழகாகப் பேசத் தெரிந்த பிள்ளைகளே, தம் அனுபவத்தைச் சொல்லும்போது பெயர், தெரு, தொழில், உறவு என்று அடையாளங்களை உதிர்த்துவிடுகிறார்கள். நம் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம் என்பதால் இந்தத் தவறு நம்மிடம் இன்னும் எளிதாக நேர்கிறது. வயது, ஊர், நோய் மூன்றையும் ஒன்றாகச் சொல்லாமல், கற்றது எதுவோ அதற்குத் தேவையானதை மட்டும் சொல்லிப் பழக வேண்டும்.

மூத்த மருத்துவர் ஒருவர் தவறு செய்வதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, பெரியவர்களை மதிக்க வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகள் பெரும்பாலும் "அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?" என்ற தொனியில் பதில் சொல்கிறார்கள். அப்போது நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பைக்கோவைப் பற்றிச் சொல்வேன். அவர் இதே டர்பன் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1977-இல் காவலில் அடிபட்டுக் கிடந்த அவரைப் பார்த்த அரசு மருத்துவர்கள் இருவர், காவல்துறையின் விருப்பத்துக்கு இணங்கித் தம் கடமையைக் கைவிட்டார்கள். தலையில் காயம் பட்டவரை நிர்வாணமாக வண்டியின் பின்புறத்தில் கிடத்திப் பிரிட்டோரியாவுக்குக் கொண்டுபோனார்கள், செப்டம்பர் 12 அன்று அவர் இறந்தார். அன்றைய மருத்துவ மன்றம் முதலில் நடவடிக்கை எடுக்க மறுத்தது. வேறு சில மருத்துவர்கள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகுதான், 1985-இல் அவ்விருவரும் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டார்கள். மதிப்பும் பணிவும் வேறு, நோயாளிக்கு எதிராக வாய்மூடி இருப்பது வேறு. இருந்தாலும், பார்த்த மாத்திரத்தில் மேலிடத்துக்குப் புகார் எழுதுவேன் என்று வீராவேசமாகச் சொல்வதும் பிழைதான். நோயாளிக்கு இப்போதே ஆபத்து உண்டா, நான் பார்த்தது சரிதானா, முதலில் அவரிடமே கேட்கலாமா, கேட்டும் பயனில்லை என்றால் யாரிடம் போவது என்று படிப்படியாகச் செல்லும் பதிலே நம்பத்தக்கது.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். இடஒதுக்கீடு குறித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கும் பேச்சு, நேர்காணல் அறைக்குள் பிள்ளையின் வாய்வழி வந்துவிழுகிறது. "எங்கள் பிள்ளைகளுக்கு இடமே தருவதில்லை" என்ற குறையைப் பெற்றோர் என்னிடம் சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இடஒதுக்கீட்டுக் கொள்கை பற்றிக் கேட்கும்போது, டர்பன் மருத்துவக் கல்லூரி 1951-இல் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கென்றே உருவான அந்தக் கல்லூரியின் வழியாகத்தான் நம் சமூகத்தின் முந்தைய தலைமுறை மருத்துவர்களில் பெரும்பகுதியினர் வந்தார்கள். கொள்கையோடு முரண்படலாம், ஆனால் காரணம் சொல்லி, கொள்கையால் பயனடைவோரை இழிவுபடுத்தாமல் முரண்பட வேண்டும். கூடவே, நம் மாகாணமான குவாசுலு-நட்டாலில் வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் பேசும் ஜுலு மொழியில் "வலி எங்கே?" என்றுகூடக் கேட்கத் தெரியாமல் மக்களுக்குச் சேவை செய்வேன் என்று சொல்வது எடுபடாது.

"ஏன் மருத்துவம்?" என்ற கேள்வியில் அதிகம் நிற்கத் தேவையில்லை. சின்ன வயதிலிருந்தே ஆசை, ஆயா (பாட்டி) நோயில் படுத்ததைப் பார்த்தேன் என்று நூறு பேர் சொல்வார்கள். ஆயாவின் நோயைச் சொல்லலாம், தவறில்லை. ஆனால் அவர் அருகில் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள், தாதியர் செய்ததில் எது உங்கள் கண்ணில் பட்டது என்று சொன்னால்தான் அது உங்கள் கதையாகும். இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்றால், "கண்டிப்பாகக் கிடைக்கும்" என்பது நம்பிக்கை அன்று, தயாரிப்பு இல்லாமை.

எம்எம்ஐ முறையில், நடிகர் ஒருவர் நோயாளியாகவோ உறவினராகவோ உட்கார்ந்து அழும் அறைகளில், பிள்ளைகள் உடனே "கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று தொடங்குகிறார்கள். சரியாகிவிடும் என்று உங்களுக்குத் தெரியாது. அமைதியாக இருந்து, பெயரைக் கேட்டு, என்ன நடந்தது என்று அவரே சொல்ல விட வேண்டும். அரை நிமிட மௌனம் நேர்காணலில் மிக நீளமாகத் தோன்றும், ஆனால் எதிரில் அழுபவருக்கு அது நீளமாகத் தோன்றாது.

இணையவழியில் நேர்காணல் என்றால் மின்வெட்டைக் கணக்கில் வையுங்கள். கைப்பேசி முழு மின்னேற்றத்தோடு இருக்கட்டும், மொபைல் டேட்டாவும் வாங்கி வையுங்கள், தொடர்பு அறுந்தால் அழைக்க வேண்டிய எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பின்னால் யாரும் குறுக்கே நடக்க வேண்டாம். அறைக்குள் அம்மா நின்று சைகை காட்டுவதும் வேண்டாம், அது திரையில் நன்றாகவே தெரிகிறது.