குடிக்கத் தோன்றும்போது கேட்பது உடலா, மனமா?

குடியை நிறுத்த நினைப்பவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மனதை அடக்கு." எனக்கும் அதையே சொன்னார்கள். அடக்கினேன், தோற்றேன், மறுபடி அடக்கினேன். ஒரு மருத்துவர் மட்டும் என்னைக் கடிந்துகொள்ளாமல் ஒரு கேள்வி கேட்டார்: "கடைசியாகக் குடித்து எத்தனை மணி நேரம் ஆகிறது?" எனக்கு வழி திறந்தது அந்தக் கேள்வியில்தான். குடிக்கத் தோன்றுவதில் இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒரே குரலில் அழைக்கும், ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உடல் கேட்கும்போது வைராக்கியத்தைக் காட்டினால் உயிருக்கே ஆபத்து வரலாம். மனம் கேட்கும்போது மாத்திரையை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால், சாயங்காலம் கால்கள் தாமாகப் பழைய வழிக்குப் போய்விடும்.

நான் குடியை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் முறையாக நிறுத்த நினைப்பவருக்காகவும், அவருக்குத் துணை நிற்பவருக்காகவும் இதைப் படிப்படியாக எழுதுகிறேன். முதல் படியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

படி 1: கடிகாரத்தைப் பாருங்கள்

நீங்கள் நாள்தோறும், நிறையக் குடிப்பவரா? காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு மிடறு உள்ளே போனால்தான் நிற்கிறதா? அப்படியானால் உங்களைக் கூப்பிடுவது உடல். இதற்கும் ஆசைக்கும் அதிகத் தொடர்பில்லை.

உள்ளே நடப்பது இது. மூளையில் வேகத்தைக் குறைக்கும் வேதிப்பொருள் ஒன்று உண்டு, பெயர் காபா. வேகத்தைக் கூட்டுவது குளூட்டமேட். மது, காபாவின் வேலைக்கு வலுச் சேர்க்கிறது, குளூட்டமேட்டை அமுக்குகிறது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. சமநிலையைக் காப்பாற்ற எதிர்ப்பக்கமாக முட்டுக் கொடுக்கப் பழகிக்கொள்கிறது. ஒருவர் வெளியிலிருந்து கதவைத் தள்ள, இன்னொருவர் உள்ளிருந்து தோள் கொடுத்துத் தாங்குவதை நினைத்துப் பாருங்கள். வெளியே இருப்பவர் சட்டென்று விலகினால் உள்ளே இருப்பவர் முகம்குப்புற விழுவார். மது நின்றதும் மூளை விழுவது அப்படித்தான்.

பெரும்பாலும் கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 8 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். சிலருக்கு இல்லாத உருவம் தெரியும், இல்லாத குரல் கேட்கும். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குக் காய்ச்சல், நாள் கிழமை தெரியாத குழப்பம், பிதற்றல் எல்லாம் சேர்ந்து வரும். மருத்துவம் பார்க்காவிட்டால் அது உயிரைப் பறிக்கக்கூடியது.

ஆகவே நீண்ட நாள் நிறையக் குடித்தவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இதயநோய் அல்லது கல்லீரல் நோய் உள்ளவர், கர்ப்பிணி ஆகியோர் தனியாக வீட்டில் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதலில் மருத்துவர், அதன் பிறகே நிறுத்தும் நாள். அவர் சில நாட்களுக்கு மட்டும், அளவைப் படிப்படியாகக் குறைத்து, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரை தருவார். நெடுநாள் குடித்தவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும் என்பதால் அதையும் தருவார். வலிப்பு, குழப்பம், மாயத்தோற்றம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

"போன முறை நிறுத்தியபோது ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் சொல்வார்கள். அந்தத் தெம்பை நம்பாதீர்கள். நிறுத்தித் தொடங்கி, நிறுத்தித் தொடங்கிப் போகும்போது, ஒவ்வொரு முறையும் மூளை முன்னைவிட எளிதாகக் கொந்தளிக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. உடலின் இந்தக் கூக்குரல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும். தூக்கம் மட்டும் சீராக வாரங்கள், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும்.

படி 2: ஒரு வாரம் கழிந்தும் ஏன் தோன்றுகிறது?

என்னை முதலில் நிலைகுலைய வைத்தது இதுதான். நடுக்கம் போய்விட்டது, பசி திரும்பிவிட்டது, கண் தெளிந்துவிட்டது. ஆனாலும் மாலையில் பணியிடக் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டதும் நாக்கு ஊறியது. உடம்பில் மது ஒரு துளி இல்லை, மதுவை நிறுத்தியதால் வரும் உடல் அறிகுறி ஒன்றும் இல்லை. பிறகு யார் கேட்டது?

ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் நாய்களைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். உணவுக்கு முன்னால் ஓர் ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, பின்னர் அந்த ஓசை மட்டும் கேட்டாலே எச்சில் ஊறியது. என் பூட்டும் சாவியும் அப்படிப்பட்ட ஓசைதான். ஆண்டுக்கணக்கில் அந்தச் சத்தத்துக்குப் பிறகு கோப்பை வந்தது. ஆகவே சத்தம் கேட்டவுடனேயே, கோப்பை வருவதற்கு முன்பே, மூளை, நாட்டத்தைத் தூண்டும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து என்னை அந்தப் பக்கம் திருப்பியது.

இதில் நுட்பமான ஓர் உண்மை இருக்கிறது. கென்ட் பெரிட்ஜ், டெரி ராபின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1993இல் முன்வைத்தது. நாள்பட்ட பழக்கத்தில் 'வேண்டும்' என்பதும் 'பிடிக்கும்' என்பதும் பிரிந்துபோகின்றன. குடி தரும் சுகம் கூடாமல் இருக்கலாம், குறைந்தும் போகலாம். ஆனால் வேண்டும் என்ற இழுப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். கடைசி ஆண்டுகளில் எனக்குக் குடி பிடிக்கவே இல்லை. அருவருப்போடு குடித்தேன். "பிடிக்காவிட்டால் ஏன் குடிக்கிறாய்?" என்று வீட்டில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பதில் இதுதான் என்று பிறகு தெரிந்தபோது, பல நாள் பாரம் இறங்கியது போல இருந்தது.

இந்த வேட்கை ஒழுக்கக்கேடு இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறியும் கையேட்டில், குடிநோய்க்கான 11 அறிகுறிகளில் ஒன்றாக இதைச் சேர்த்திருக்கிறது.

படி 3: ஒரு குறிப்பேடு வாங்குங்கள்

சின்னதாக, பையில் அடங்குவதாக இருக்கட்டும். குடிக்கத் தோன்றும் ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, எங்கே இருந்தீர்கள், அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் என்ன நடந்தது, இழுப்பு பத்துக்கு எவ்வளவு. உடம்பில் என்ன தெரிந்தது என்பதையும் ஒரு சொல்லில் சேர்த்தால் நல்லது: தாடை இறுக்கம், வயிற்றில் வெறுமை, நெஞ்சில் பரபரப்பு.

இரண்டு வாரம் விடாமல் எழுதினால் போதும். எனக்கு முதல் இரண்டு வாரத்தில் 14 பதிவுகள். அவற்றில் 11, மாலை ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவே. அந்தப் பதினொன்றில் ஏழு நாள் நான் மதியம் சாப்பிட்டிருக்கவில்லை! எந்நேரமும் என்னைத் துரத்துவதாக நினைத்திருந்த பேய், உண்மையில் நாளுக்கு ஒரு மணி நேரம்தான் வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு ஐந்து மணிக்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவேன். பாதிப் போர் அதிலேயே முடிந்தது.

குடிநோயிலிருந்து மீண்டவர்கள் நான்கு நிலைகளைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரிப்பார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. உங்கள் ஏட்டில் எது அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். பசிக்கு உணவும் களைப்புக்கு உறக்கமும் கொடுத்தால், மது வேண்டும் என்று தோன்றியது வேறொன்றின் முகமூடி என்பது சில நாட்களிலேயே விளங்கும்.

படி 4: அலை வடியும்வரை நில்லுங்கள்

மனதின் வேட்கை அலையைப் போன்றது. எழும், உச்சிக்குப் போகும், வடியும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வலுவிழந்துவிடும். உச்சியில் இருக்கும்போது மட்டும் அது முடிவே இல்லாதது போலத் தோன்றும். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர், அலையோடு மல்லுக்கட்டாமல் அதன் மேலேறி நிற்கப் பழகச் சொன்னார்.

செய்முறை எளிது. உட்காருங்கள். கால்கள் தரையில் படட்டும். இழுப்பு உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். அந்த இடத்தைக் கவனித்தபடி மூச்சை விடுங்கள். "குடிக்கக் கூடாது" என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், அந்தச் சொல்லே கோப்பையைக் கண்முன் கொண்டுவந்துவிடும். "தாடை இறுகுகிறது, இப்போது தளர்கிறது" என்று பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். எட்டு, ஒன்பது, ஏழு, நான்கு என்று எண் இறங்குவதை உங்கள் கையெழுத்திலேயே பார்ப்பது எந்த அறிவுரையையும்விட வலிமையானது.

உட்கார முடியாத அளவுக்கு இழுத்தால் இடத்தை மாற்றுங்கள். நடங்கள், குளியுங்கள், ஒருவரைத் தொலைபேசியில் அழையுங்கள். யாரை அழைப்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருங்கள். அலை எழுந்தபின் எண்ணைத் தேட மனம் விடாது. குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணை நிற்க 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களில், இந்த அழைப்பை எந்த நேரத்திலும் எடுக்கத் தயாராக இருப்பவர்கள் கிடைப்பார்கள்.

"ஒன்றே ஒன்று" என்ற பேரத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். முதல் கோப்பை வேட்கையைத் தணிக்காது. அது வேட்கையைத் தூண்டிவிட்டு, நிறுத்தச் சொல்லும் பகுத்தறிவையும் தூங்கவைத்துவிடும்.

படி 5: மருந்தைப் பற்றிக் கேளுங்கள்

வேட்கையைக் குறைக்கும் மருந்துகள் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. இது எனக்கு உண்மையான வருத்தம். நால்ட்ரெக்சோன், குடி தரும் கிளர்ச்சியை மழுக்குகிறது. குடிநோய்க்காக அமெரிக்காவில் 1994இல் அனுமதி பெற்றது. ஓபியம் வகை வலிநிவாரணி எடுப்பவருக்கு இது ஆகாது. அகாம்ப்ரோசேட், ஏற்கெனவே நிறுத்தியவருக்கு அந்த நிலையில் தொடர உதவுவது. அதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

டைசல்ஃபிரம் வேறு வகை. அது வேட்கையைத் தொடாது. அதை எடுத்தபின் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து உடம்பு படாதபாடு படும். தெரிந்து, ஒப்புக்கொண்டு எடுப்பவருக்கு அது ஒரு வேலி. குடும்பத்தாரிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்காதீர்கள். அவர் அறியாமல் குடித்தால் உயிர் போகவும் கூடும்.

படி 6: வழுக்கினால்

ஒருநாள் குடித்துவிட்டால், "எல்லாம் போயிற்று, இனி என்ன" என்ற எண்ணம் வரும். ஒரு கோப்பையைப் பத்து நாள் குடியாக மாற்றுவது அந்த எண்ணம்தான். அன்றிரவே பாட்டிலில் மிச்சம் இருப்பதைக் கொட்டுங்கள், அழைக்க வேண்டியவரை அழையுங்கள். நாள்கணக்கில் குடித்துவிட்டிருந்தால் மறுபடி படி 1: கடிகாரம், மருத்துவர். இல்லையென்றால் ஏட்டைத் திறந்து மற்றப் பதிவுகளைப் போலவே இதையும் எழுதுங்கள்: மணி, இடம், முந்தைய பத்து நிமிடம், பத்துக்கு எவ்வளவு. என் ஏட்டின் 43ஆவது பதிவு அப்படிப்பட்டது. "இரவு 9.10. தனியாக இருந்தேன். தொலைபேசியில் சண்டை. பத்துக்குப் பத்து. குடித்தேன்." அதற்கு அடுத்த வரியில், மறுநாள் தேதியோடு, 44 தொடங்குகிறது.