ஒலிம்பிக் நேரத்தில் கடைக்குச் சரக்கு வந்த விதம்

2012 ஒலிம்பிக் சமயத்தில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் மளிகைக் கடை வைத்திருந்தேன். காய்கறி எடுக்கும் நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தை லேட்டனில், ஒலிம்பிக் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. விளையாட்டு வீரர்களுக்கென ஒதுக்கிய தடத்தில் வேன் நுழைந்தால் 130 பவுண்டு அபராதம். முருங்கைக்காய் விற்று அதை எப்படிக் கட்டுவது? நல்லவேளை, அது நள்ளிரவில் களைகட்டும் சந்தை. விடிந்தபின் போவதை விட்டு, இரவு ஒரு மணிக்கே வேனை எடுத்தோம். அரிசி, பருப்பு, எண்ணெயை எல்லாம் ஜூலை நடுவிலேயே இறக்கிப் பின்னறையில் கூரை முட்ட அடுக்கினேன். கீரையும் கொத்தமல்லியும்தான் தலைவலி. ஈரச் சாக்கில் சுற்றியும் மாலைக்குள் பாதி வாடிவிடும். ரயில் கூட்டத்துக்குப் பயந்து, கடைப் பையனைச் சைக்கிளில் வரச் சொன்னேன். முனகிக்கொண்டேதான் வந்தான், ஆனால் நேரத்துக்கு வந்தான்.