எறும்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில்: முதல் மேக்ரோ லென்ஸ் வாங்குவது எப்படி

போன மாதம் அக்கா மகன் தக்கலையிலிருந்து போன் செய்தான். "மாமா, 40 மி.மீ. மேக்ரோ பாதி விலைக்குக் கிடைக்குது. அதுவும் 1:1தான், 105ம் 1:1தான். அப்போ சின்னதையே வாங்கிடட்டுமா?" என்றான். மேக்ரோ என்பது சின்னப் பொருளை மிகக் கிட்டே போய்ப் பெரிதாக எடுக்கும் லென்ஸ்; 40, 105 என்பவை அதன் குவியத்தூரம், மி.மீ. கணக்கில். எதைப் படம் எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். வீட்டு மாமரத்து முசுறு எறும்பு என்றான். அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. முதல் மேக்ரோ லென்ஸ் வாங்க யோசிக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்று அதையே எழுதுகிறேன்.

முதலில் இந்த 1:1. பொருள் எவ்வளவு நீளமோ, அதே நீளத்தில் பிம்பம் சென்சார்மேல் (கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் தகடு) விழுகிறது என்பதுதான் இதன் பொருள். அவனுடைய நிக்கான் டி5600 கேமராவில் சென்சார் 23.5 மி.மீ. அகலம். 8 மி.மீ. முசுறு ஒன்று 1:1-இல் படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். 1:2 என்றால் பிம்பம் பாதி நீளம்தான், ஆறில் ஒரு பங்கு. கையில் இருக்கும் லென்ஸ் எந்த அளவு என்று தெரிய வேண்டுமா? பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை மேசைமேல் வைத்து, ஃபோகஸ் ஆகும் மட்டும் கிட்டே போய் ஒரு படம் எடுங்கள். படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை எத்தனை மி.மீ. தெரிகிறது என்று எண்ணுங்கள். கேமராவோடு வரும் 18-55 லென்ஸில் பெரும்பாலும் 60-ஐத் தாண்டும். 1:1 மேக்ரோவில் 23 அல்லது 24 கோடுதான் தெரியும்.

இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது ஒரு சிலந்தியால். முசுறுக் கூட்டுக்குப் பக்கத்திலேயே, அதே செம்பழுப்பு நிறத்தில், எறும்பைப் போலவே உடம்பு ஒடுங்கிய ஒரு குதிக்கும் சிலந்தி திரியும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி, உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டே நடக்கும். தலையின் இரண்டு பக்கமும் எறும்பின் கண் போல ஒவ்வொரு கறுப்புப் புள்ளி. 18-55இல் எடுத்தபோது எறும்பு என்றே நினைத்துக் கடந்து போனேன். 1:1-இல் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எட்டுக் கால். முன்பக்கம் உருண்டையாக, பளபளவென்று இரண்டு பெரிய நிஜக் கண்கள். அன்று முழுக்க அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, இரண்டு லென்ஸும் 1:1 தருகிறது என்றால் 40க்கும் 105க்கும் என்ன வேறுபாடு? அந்த 1:1 கிடைக்கும்போது லென்ஸின் முன் கண்ணாடிக்கும் பூச்சிக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதுதான். வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதை. ஆனால் பெட்டியில் இது இருக்காது. அங்கே இருப்பது குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம். அதைச் சென்சாரிலிருந்து அளப்பார்கள். கேமராவின் மேல்பக்கம் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஒரு குறி இருக்கிறதே, அங்கிருந்து. 30 செ.மீ. என்று போட்டிருந்தால் அதில் பாதிக்கு மேல் கேமராவும் லென்ஸுமே தின்றுவிடும்.

40 மி.மீ. வகையில் மிஞ்சுவது மூன்றரை செ.மீ. அளவுதான். நான் முதலில் வாங்கியது அந்த வகை. மாமரக் கிளையில் லென்ஸை அவ்வளவு கிட்டே கொண்டுபோனால் அதன் நிழலே எறும்பின்மேல் விழுந்தது. இரண்டு எறும்பு வாயைத் திறந்து நிமிர்ந்து நின்றன. மூன்றாவது லென்ஸ் விளிம்பில் ஏறி, அங்கிருந்து என் விரலுக்கு வந்துவிட்டது. முசுறு கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும், காந்தல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதே லென்ஸ் பூவுக்கும் நாணயத்துக்கும் தபால்தலைக்கும் அருமையாக வேலை செய்தது. உயிருள்ள பூச்சிக்குத்தான் அது சரிவரவில்லை.

60 மி.மீ. என்றால் லென்ஸைப் பொறுத்து 5 முதல் 10 செ.மீ. வரை இடம் கிடைக்கும். 90, 100, 105 என்றால் 13 முதல் 15 செ.மீ. வரை. நான் சிபாரிசு செய்வது இந்த 90-105 தான். கேனான் 100, நிக்கான் 105, டாம்ரான் 90, சோனி 90 என்று ஒவ்வொரு கேமராவுக்கும் நல்ல லென்ஸ் இந்த அளவில் இருக்கிறது. இவற்றில் எது கூர்மை என்று வாரக்கணக்கில் ஒப்பிட வேண்டாம், எல்லாமே கூர்மைதான். 180இல் 25 செ.மீ. வரை இடம் கிடைக்கும், தட்டானுக்கும் பட்டாம்பூச்சிக்கும் சொகுசு. ஆனால் எடை ஏறத்தாழ ஒரு கிலோவோ அதற்கு மேலோ இருக்கும், கையில் பிடித்தால் ஆட்டம் அதிகம். முதல் லென்ஸாக வேண்டாம்.

பெயரை நம்பி வாங்காதீர்கள். நிக்கான் தன் மேக்ரோ லென்ஸ்களை மைக்ரோ என்று அழைக்கிறது, இரண்டும் ஒன்றே. 70-300 சூம் சிலவற்றிலும் மேக்ரோ என்று எழுதியிருப்பார்கள்; அவை 1:2 வரைதான் போகும். கேனானின் மிரர்லெஸ் கேமராக்களுக்கு வரும் ஆர்எஃப் 35, ஆர்எஃப் 85 இரண்டின் பெயரிலும் மேக்ரோ உண்டு, அவையும் 1:2தான். பழைய நிக்கான் லென்ஸ் மலிவாகக் கிடைத்தால் ஒன்றைக் கேளுங்கள்: உள்ளே மோட்டார் உண்டா? டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸிலும் இல்லாவிட்டால் கையால்தான் திருப்ப வேண்டும். 1:1-இல் நான் எப்படியும் கையால்தான் எடுக்கிறேன், ஆனால் தெரிந்து வாங்குவது வேறு, வாங்கிய பிறகு தெரிவது வேறு.

எஃப் என்பது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 2.8ஆ, எஃப் 3.5ஆ என்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 1:1-இல், டி5600 போன்ற கேமராவில், எஃப் 8 வைத்தாலே கூர்மையாக விழும் ஆழம் அரை மி.மீ.க்குச் சற்று மேல். கண் தெளிவாக இருந்தால் கால் மங்கும். அதனால் எஃப் 8க்கும் 11க்கும் இடையில்தான் புழங்குவீர்கள், வெளிச்சமும் போதாது. மிச்சமாகும் பணத்தில் ஒரு சாதாரண ஃபிளாஷ் வாங்கி, முன்னால் அட்டையில் ஒட்டிய பட்டர் பேப்பரை வளைத்துக் கட்டுங்கள். ஷட்டர் 1/200 நொடி, எஃப் 11, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200இல் ஆரம்பிக்கலாம். லென்ஸைவிட இந்த பட்டர் பேப்பர் என் படங்களை அதிகம் மாற்றியது. எறும்பின் முதுகில் வெள்ளைப் பொட்டாகத் தெறித்த ஒளி, மேகம் போலப் பரவிவிட்டது.

பணம் இப்போது இல்லையா? 55-200 போல ஒரு சூம் இருந்தால் ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற சின்னக் கண்ணாடியை முன்னால் கவ்விக்கொள்ளலாம். தூரத்துக்கு ஃபோகஸ் வைத்து, சூமை 125-இல் நிறுத்தினால் 1:1, 200-இல் 1.6 மடங்கு. இடமும் 11, 12 செ.மீ. கிடைக்கும். அக்கா மகனிடம் இதைத்தான் முதலில் வாங்கச் சொன்னேன். ஆறு மாதம் இதில் எடுத்துவிட்டு, ஆசை அப்போதும் இருந்தால் 105 வாங்கட்டும்.

பழைய லென்ஸ் வாங்குவது தப்பில்லை. ஆனால் வாங்கும்போது போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி கிளை பிரிந்த இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, விட்டுவிடுங்கள். மாலை நேரத்தில் அவசரமாகப் பார்த்து நான் அப்படி ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஒளிக்கு எதிரே எடுத்த படமெல்லாம் வெளிறிப் போனது. ஃபோகஸ் வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள், எங்கும் உரசக் கூடாது. குமரி மாவட்டத்தில் ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அதனால் வாங்கிய அன்றே மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிகா ஜெல்லும் வாங்கிவிடுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரத்தைக் குடித்துவிட்டன என்று அர்த்தம், சூடாக்கி உலர்த்தினால் மறுபடி நீலமாகும்.

லென்ஸ் வந்ததும் நேரே மாமரத்துக்குப் போகாதீர்கள். முதல் வாரம் முருங்கைப் பூ, காய்ந்த மிளகாயின் காம்பு, அசையாத எதுவும் போதும். ஃபோகஸ் வளையத்தை 1:1-இல் நிறுத்திவிட்டு, முழங்கையை விலாவில் ஊன்றி, உடம்பை மட்டும் மெல்ல முன்னே சாயுங்கள். வேண்டிய இடம் தெளியும்போது அழுத்துங்கள். இருபது எடுத்தால் ஒன்று தேறும். பூச்சிக்குப் போகும்போது விடிந்த கையோடு போங்கள். குளிரில் தட்டான்கள் பறக்காமல் பனித்துளியோடு புல் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும். 15 செ.மீ. வரை கிட்டே போனாலும் பெரும்பாலும் அசையாது.