ஓடும்போதே அணைந்த கார்: கோளாறைப் பிடித்த விதம்

என் காரின் இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் ஓட்டத்திலேயே அணைந்துவிடும். சற்று நேரம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சேரும்போது கோளாறு இருக்காது. எல்லாம் நார்மல் என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து வந்ததெல்லாம் தானியங்கிப் பதில்தான். பின்னால் லாரி வரும் நெடுஞ்சாலையில் இன்ஜின் அணைந்து பவர் ஸ்டீயரிங் திடீரென்று இறுகிப்போவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அந்த அலட்சியத்தை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

சரி, ஆதாரத்தை நாமே சேர்ப்போம் என்று காரின் கணினியோடு இணைந்து அதன் தரவைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் வாங்கி, ஓட்டும்போதே தரவைப் பதிவு செய்தேன். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. சக்கரம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது அப்படி ஆகக் கூடாது; அந்த வேகத்தைச் சொல்லும் சிக்னல்தான் அறுந்திருக்க வேண்டும். அப்புறம் பி0335 என்ற கோளாறுக் குறியீடும் வந்தது: கிராங்க்‌ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் (இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டின் நிலையையும் வேகத்தையும் கணினிக்குச் சொல்லும் உணரி) சர்க்யூட். பழுதான சென்சார் சூட்டில் சிக்னலை விட்டுவிடும், ஆறினால் திரும்பக் கொடுக்கும். அந்த சிக்னல் இல்லாவிட்டால் இன்ஜின் கணினி ஸ்பார்க்கையும் எரிபொருளையும் நிறுத்திவிடும்.

இந்தப் பதிவுகளையும் சர்வீஸ் சென்டர் எழுதித் தந்த ஜாப் கார்டு நகல்களையும் இணைத்து, பதிலுக்குக் கெடு வைத்து, தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். அதன்பிறகுதான் அசைந்தார்கள். சென்சார், கனெக்டர் இரண்டும் வாரண்டியில் மாறின. கார் அதற்குப் பிறகு அணையவில்லை.

இதே தொல்லை இருப்பவர்கள் கோளாறுக் குறியீட்டை யாரும் அழிப்பதற்கு முன், அது பதிவான நொடியின் அளவீடுகளைக் காட்டும் ஃப்ரீஸ் ஃப்ரேம் திரையைப் படம் எடுத்துவிடுங்கள். வயரிங்கைச் சோதிக்காமல் சென்சாரை மட்டும் மாற்ற விடாதீர்கள்.